கிளினிக் அட்டைகளைக் கணினிக்கு மாற்றும்போது எதை முதலில் செய்வது

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கமுள்ள சிறிய கிளினிக்குகள் கணினிக்கு மாறும்போது நோயாளிகளின் பழைய அட்டைகளை ஸ்கேன் செய்வதில்தான் முதலில் இறங்குகின்றன. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 'பெனிசிலின் ஆகாது' என்று சிவப்பு மையில் இருந்தாலும், ஸ்கேன் படத்தைப் பார்த்து மென்பொருள் எச்சரிக்காது. ஒவ்வாமை, நாள்பட்ட நோய்கள், இப்போது சாப்பிடும் மருந்துகள் ஆகிய மூன்றையும் கையால் பதிய வேண்டும். நோயாளி அடுத்த முறை வரும்போது அவரை எதிரில் வைத்துக்கொண்டு பதிவதே நல்லது.

அதற்கும் முன்னால், ஆள் சரியா என்று பாருங்கள். நம் பெயர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. கணேசனுக்கு ரோமன் எழுத்தில் ஒரு 'எஸ்' போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. தந்தை பெயருக்கு முன் வரும் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) ஆகியவற்றை விட்டுவிடுபவரும் உண்டு. பெயரைத் தட்டித் தேடினால் கிடைக்காது. கவுண்டரில் புதுக் கோப்பு திறந்துவிடுவார்கள். ஒவ்வாமைக் குறிப்பு பழைய கோப்பிலேயே கிடக்கும், டாக்டர் புதியதைப் பார்த்து மருந்து எழுதுவார். ஆகவே எப்போதும் மைகார்டின் (மலேசிய அடையாள அட்டையின்) 12 இலக்க எண்ணால் தேடுங்கள், இடைக்கோடு இல்லாமல். பிறகு பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். "நீங்க கணேசன்தானே?" என்று கேட்டால் காய்ச்சலில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. தட்டச்சுப் பிழை பல இதிலேயே பிடிபடும். வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கடப்பிதழ் எண்தான், அதைப் புதுப்பித்தால் எண் மாறும். பழைய எண்ணை அழிக்காமல் அதே கோப்பில் வையுங்கள்.

ஒவ்வாமைக் கட்டம் வெறுமையாக இருந்தால் 'ஒவ்வாமை இல்லை' என்று பொருளில்லை. யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். 'கேட்டோம், இல்லை' என்பதைத் தனியாகப் பதிய மென்பொருளில் வழி இருக்க வேண்டும். "அலர்ஜி இருக்கா?" என்றால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். "ஏதாவது மருந்து சாப்பிட்டு உடம்பு தடிச்சதா, முகம் வீங்கிச்சா, மூச்சு முட்டிச்சா?" என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் கொடுத்த ஒவ்வாமை அட்டை இருந்தால் வாங்கிப் பாருங்கள். மருந்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதியுங்கள், என்ன ஆனது என்பதையும் சேர்த்து. குறிப்புப் பகுதியில் எழுதி வைத்தால் பெரும்பாலான மென்பொருளில் எச்சரிக்கை வராது.

உங்கள் மென்பொருளை நீங்களே சோதித்துப் பாருங்கள். பெனிசிலின் ஒவ்வாமையுள்ள ஒரு போலி நோயாளியை உருவாக்கி, ஆக்மென்டின் எழுதுங்கள். அதில் இருப்பது அமோக்சிசிலின், பெனிசிலின் வகை. எச்சரிக்கை வராவிட்டால் விற்பனையாளரைக் கூப்பிடுங்கள். சரியாகும்வரை அந்தத் திரையை நம்ப வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை எழுதியும் பாருங்கள், இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு ஆபத்து என்பதால் அங்கும் எச்சரிக்கை வர வேண்டும். மறுபக்கம், அற்ப விஷயத்துக்கெல்லாம் எச்சரிக்கை எழும்பினால் டாக்டர் படிக்காமலே மூடப் பழகிவிடுவார். சிறியவற்றை அணைத்து, ஒவ்வாமை, கர்ப்பம், கடுமையான மருந்து மோதல் ஆகியவற்றை விட்டுவையுங்கள்.

குழந்தைகளுக்கு எடையைப் பதியாமல் மருந்துத் திரை திறக்கக் கூடாது. எடை அன்றைக்கு நிறுத்ததாக இருக்க வேண்டும். 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லிலிட்டர், 250 மில்லிகிராம் சிரப் என்றால் 3.6 மட்டுமே. கையிருப்பு மாறியும் லேபிளில் பழைய 7.5 நின்றுவிட்டால், குழந்தைக்கு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எனவே சிரப்பின் வலிமை லேபிளில் அச்சாக வேண்டும், மருந்து கொடுப்பவர் போத்தலோடு ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். 2010 தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை உணர்திறன் மிக்க தரவாக வகைப்படுத்துகிறது. பொதுக் கடவுச்சொல் என்றால் யார் எதைத் திருத்தினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

மின்தடைக்காகக் கவுண்டரில் அச்சிட்ட வெற்றுப் படிவங்கள் இருக்கட்டும், அதிலும் ஒவ்வாமைக் கட்டம் மேலேயே இருக்கட்டும். தினமும் இரவில் காப்பு நகல் எடுங்கள். ஒரு நகலாவது கிளினிக்குக்கு வெளியே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை, நோயாளிகள் வராத நேரத்தில், அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.