நமாஸு-எ பாணியில் ஒரு கெளிற்றுப் படம்: இரண்டு பலகையில் செதுக்கி அச்சிடும் முறை

1855 நவம்பர் 11 இரவு எடோ நகரை, அதாவது இன்றைய டோக்கியோவை, பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. சில நாட்களுக்குள் தெருவெல்லாம் நமாஸு-எ, அதாவது கெளிற்றுமீனை வரைந்து மரப்பலகையில் அச்சிட்ட படங்கள், விற்பனைக்கு வந்துவிட்டன. பூமிக்கடியில் கிடக்கும் ராட்சதக் கெளிற்றைக் காஷிமா தெய்வம் கல்லால் அழுத்தி வைத்திருக்கிறது, பிடி தளர்ந்தால் நிலம் அதிரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. கெளிறு பணக்காரரைக் காசு கக்க வைப்பதும், வேலை பெருகிய ஓடாவிமார் அதற்கு விருந்து வைப்பதும் அந்தப் படங்களில் உண்டு. வரைந்தவர் பெயரோ தணிக்கை முத்திரையோ இருக்காது. இரண்டு மாதமளவில் அரசு தடை போட்டது.

முதலில் யாரைக் கேலி செய்வது என்று முடிவெடுங்கள். மட்டக்களப்பு சுனாமி கண்ட மண். இழந்தவர்களை விட்டுவிடுங்கள், அழிவு நேரத்தில் தகரத்துக்கும் சீமெந்துக்கும் விலையேற்றுபவரை வரையுங்கள்.

24 × 32 சென்ரிமீற்றரில் வழவழப்பான பிளைவூட் இரண்டு துண்டு வேண்டும். தேக்கு வேண்டாம், அதன் நரம்பு படத்தில் விழும். மெல்லிய தாளில் வரைந்து, அரிசிமாக் கூழ் பூசி, வரைந்த பக்கம் பலகையில் படும்படி ஒட்டுங்கள். காய்ந்ததும் ஈரவிரலால் முதுகைத் தேய்த்து உரித்தால் கோடு தெரியும். எழுத்தும் தானாகக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறிவிடும்.

கோட்டின் இருபுறமும் கத்தியை வெளிப்பக்கம் சாய்த்து வெட்டுங்கள். அடிப்புறம் அகன்று நின்றால்தான் கோடு உடையாது. கெளிற்றின் மீசையில்தான் பலரும் தவறுகிறார்கள்: நரம்புக்குக் குறுக்கே போகும் மெல்லிய கோடு பொடிந்துவிடும். வரையும்போதே மீசையை நரம்பின் போக்கில் நீட்டுங்கள். வெற்றிடத்தை 2 மில்லிமீற்றர் தோண்டினால் போதும். அகன்ற இடத்தில் 4 வேண்டும், இல்லாவிட்டால் தாள் தொய்ந்து மை ஒட்டும்.

தாளை வைக்கும் அடையாளம் இரண்டு: கீழ் வலது மூலையில் ‘ட’வைக் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்று, கீழ் விளிம்பில் நேர்க்கோடு ஒன்று. ஆழம் 1 மில்லிமீற்றர். கோட்டுப் பலகையில் எடுத்த முதல் பிரதியை, அடையாளங்களோடு சேர்த்து இரண்டாம் பலகையில் ஒட்டி, நிறம் வரும் இடங்களை மட்டும் விட்டுச் செதுக்குங்கள். இதை அவசரப்படுத்தினால் நிறம் கெளிற்றின் உடலைவிட்டு விலகி நிற்கும்.

தாளை முந்தைய இரவே ஈரப் பத்திரிகைகளுக்கு இடையில் வைத்து, பொலித்தீனால் சுற்றுங்கள். கூழுக்கு ஒரு கரண்டி அரிசிமாவுக்கு எட்டுக் கரண்டி தண்ணீர், காய்ச்சி ஆறவிடுங்கள். எங்கள் வெக்கையில் ஒரே நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குச் செய்யுங்கள். பலகையில் நீரில் கரையும் மையும் சிறு துளி கூழும் விட்டுத் தூரிகையால் பரப்பி, தாளை அடையாளத்தில் பொருத்தி, அதன் முதுகை, மழமழப்பாகத் தேய்த்தெடுத்த சிரட்டையின் வெளிப்புறத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். கோட்டுப் பலகை முதலில், நிறம் பிறகு.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலை ஒன்பதுக்கு முன் முடித்துவிடுங்கள், விசிறியும் வேண்டாம். மை பலகையிலேயே காய்ந்தால் புள்ளி புள்ளியாக விழும். தாள் இடையில் காய்ந்தால் சுருங்கி நிறம் விலகும்.

முடிந்ததும் பலகையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். குழாயடியில் பிடித்தால் பிளைவூட் வளைந்துவிடும், அடுத்த பிரதி சரியாக விழாது.