ஆங்கிலப் போர்டில் கொமா எங்கே போடுவது?

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சாப்பாட்டுக் கடையும் கெஸ்ட் ஹவுஸும் நடத்துகிறவர்கள் ஆங்கில மெனு அடிக்கும்போது ஸ்பெல்லிங்கை நாலு பேரிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள், கொமாவை மட்டும் கைக்கு வந்தபடி போட்டுவிடுவார்கள்.

இரண்டு பொருள் என்றால் கொமா வேண்டாம், 'டீ அண்ட் கோஃபி' போதும். மூன்றிலிருந்துதான் கொமா. தமிழில் 'இடியப்பம், புட்டு, தோசை கிடைக்கும்' என்று எழுதினால் வேலை முடிந்தது. ஆங்கில வசனத்தில் கடைசிப் பொருளுக்கு முன்னால் ஒரு 'அண்ட்' அல்லது 'ஓர்' வர வேண்டும்.

அந்த 'அண்ட்'டுக்கு முன்னாலும் கொமா போடுவதா? அதற்குப் பெயர் ஒக்ஸ்ஃபோர்ட் கொமா. ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் போடும், பிரித்தானியப் பத்திரிகைகள் பெரும்பாலும் போடுவதில்லை, இரண்டுமே சரிதான். ஆனால் நம்முடைய மெனுவைப் பாருங்கள்: 'வீ சேர்வ் கொத்து, ரைஸ் அண்ட் கறி அண்ட் ஃபிஷ் அண்ட் சிப்ஸ்'. வரிசையாக மூன்று 'அண்ட்', எது எதோடு சேர்ந்தது என்று வெள்ளைக்காரர் யோசிக்க வேண்டிக் கிடக்கிறது. 'கறி'க்குப் பின்னால் ஒரு கொமா வைத்தால் மூன்று சாப்பாடும் பிரிந்து நிற்கும். அதனால் என் கட்சி, எப்போதும் போட்டுவிடுங்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஓவர்டைம் சட்டப் பட்டியல் ஒன்றில் 'ஓர்'க்கு முன்னால் இந்தக் கொமா இல்லாததால், பால் கம்பனி ஒன்றின் டிரைவர்கள் 2017இல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். அடுத்த வருடம் கம்பனி 50 லட்சம் டொலர் கொடுத்து சமாதானமாகப் போனது.

அப்புறம், 'அவர் ரூம்ஸ் ஹேவ், ஏசி, வைஃபை, அண்ட் ஹொட் வோட்டர்' என்று எழுதாதீர்கள். பட்டியல் தொடங்குவதற்கு முன்னால், அதாவது 'ஹேவ்', 'ஆர்', 'சச் ஆஸ்' இவற்றுக்குப் பின்னால் கொமா கிடையாது. வாசிக்கும்போது அங்கே மூச்சு விடுகிறோம் என்பதற்காகப் போட்டுவிடுகிறோம். பட்டியல் முடிந்து வினைச்சொல் வருகிற இடத்திலும் இதே கதைதான்: 'கொத்து, புட்டு, அண்ட் தோசை ஆர் அவைலபிள்', தோசைக்குப் பின்னால் ஒன்றும் வேண்டாம்.

பொருளுக்குள்ளேயே கொமா இருந்தால் பிரிப்பதற்கு அரைப்புள்ளி: 'கோணேஸ்வரம், எ க்ளிஃப்டொப் டெம்பிள்; கன்னியா, எ குரூப் ஒஃப் ஹொட் வெல்ஸ்; அண்ட் பிஜன் ஐலண்ட், எ நெஷனல் பார்க்'. இதைக் கொமாவால் மட்டும் பிரித்தால் மூன்று இடம் ஆறு இடமாகிவிடும்.

இடைவெளி கொமாவுக்குப் பின்னால்தான், முன்னால் அல்ல. மெனுவில் வரிக்கு ஒரு சாப்பாடு என்று அடிக்கிறீர்களா, அப்படியானால் வரிக் கடைசியில் கொமாவே வேண்டாம்.