ஆய்வகத்தில் இனவெறி எதிர்ப்புப் படிப்பு வட்டம்: நாங்கள் சறுக்கிய இடங்கள்

அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட பிறகு, 2020 ஜூன் 10 அன்று பல நாட்டு ஆய்வகங்கள் ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு இனவெறியைப் பற்றிப் பேசின. அந்தச் சூடு பெங்களூருவில் நான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்துக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆறு பேர் சேர்ந்து ஒரு படிப்பு வட்டம் தொடங்கினோம்; அதில் நான்கு பேர் தமிழர்கள். நாலே மாதத்தில் படுத்துவிட்டது. சண்டையெல்லாம் இல்லை, ஆள் வரத்துதான் குறைந்துகொண்டே போனது. நீங்களும் இப்படி ஒன்று தொடங்குவதாக இருந்தால், நாங்கள் விழுந்த குழிகளையாவது தாண்டிப் போங்கள்.

முதல் தவறு, அதை ஆய்வுக் கட்டுரைகளைக் கூடி அலசும் ஜர்னல் கிளப் மாதிரி நடத்தியது. பல்ஸ் ஆக்சிமீட்டரைப் பற்றி 2020 டிசம்பரில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைத்தான் முதலில் எடுத்தோம். கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த அதே கிளிப். கருவி ஆக்சிஜன் அளவை 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில், உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கூடியிருந்ததோ இயற்பியல் ஆட்கள். சிவப்பு ஒளி 660 நானோமீட்டர், அகச்சிவப்பு 940, தோலின் நிறமியான மெலனின் எவ்வளவு உறிஞ்சும், சாம்பிள் போதுமா என்று ஒன்றரை மணி நேரம் ஓடியது. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று கேலிப்ரேஷன் செய்தபோது யாருடைய விரல்களில் மாட்டிப் பார்த்தார்கள்? கறுப்பினத்தவரிடம் கருவி பிசகுகிறது என்று 1990லேயே ஓர் ஆய்வு எச்சரித்திருந்தும் முப்பது வருடம் யாருக்கும் ஏன் உறுத்தவில்லை? இந்தக் கேள்விகளுக்கு வருவதற்குள் டீ ஆறி, பாதிப் பேர் போய்விட்டார்கள். கேள்வியை முதலில் பலகையில் எழுதுங்கள், ஸ்லைடு அப்புறம்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள். தூரத்து அநியாயம் மனசுக்கும் சௌகரியம்தான். மூன்று கூட்டங்கள் அமெரிக்காவிலேயே உட்கார்ந்திருந்தோம். 2012 ஆகஸ்டில், தாக்கப்போகிறார்கள் என்ற வதந்திக்குப் பயந்து வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் குவாஹாட்டி ரயிலேறியது இதே ஊரிலிருந்துதான். 2016 தொடக்கத்தில், வேறொருவர் ஓட்டிய கார் விபத்துக்காக, சம்பந்தமே இல்லாத தான்சானிய மாணவியைக் கும்பல் அடித்ததும் இங்கேதான். அமெரிக்காவை விட்ட பிறகு சாதிக்கு வந்தோம். 'சாதி வேற, இனம் வேற' என்று ஒரு கூட்டம் முழுக்க விவாதம். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு இரண்டையும் ஒரே வரியில் வைத்திருக்கிறது. புதிதாக வந்த மாணவரிடம் 'நெட் தேர்வுல ரேங்க் எவ்வளவு?' என்று எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்: இடஒதுக்கீட்டில் வந்தவரா என்று அறியத்தான். எங்கள் தமிழ்க் கூட்டம் இன்னும் ஒரு படி மேல். 1991இல் காவிரிக் கலவரத்தில் அடிவாங்கிய கதைகளைச் சொல்லி, நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஒதுங்கிக்கொண்டோம். 'பெரியார் மண்ணுங்க, எங்ககிட்ட இதெல்லாம் கிடையாது' என்றார் ஒருவர். மேட்ரிமோனியில் அவர் என்ன கேட்டிருந்தார் என்று எங்களுக்குத் தெரியும்.

நான் இன்றும் வெட்கப்படுகிற தவறு ஒன்று உண்டு. வட்டத்தில் ஒரு மணிப்பூர் மாணவி இருந்தார். நாலாவது கூட்டத்தில், 'உங்க அனுபவத்தைச் சொல்லுங்களேன்' என்று நானே கேட்டேன். சொன்னார். ஆட்டோக்காரர், வீட்டு உரிமையாளர், கேன்டீன் கிண்டல் எல்லாம். ஐந்து பேர் தலையாட்டினோம், ஒருவர் குறிப்பெடுத்தார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அவரும் எங்களைப் போலப் படிக்கத்தானே வந்தார்? சாட்சிக் கூண்டில் ஏற்ற அல்ல. சொந்தக் கதை தானாக வந்தால் கேளுங்கள், தோண்டி எடுக்காதீர்கள்.

இனவெறி வெளியிலிருந்து வந்து அறிவியல்மீது படிந்த தூசு என்றும் நினைத்திருந்தோம். அதில் கொஞ்சம் ஆய்வகத்திலேயே உற்பத்தியானது. பள்ளிச் சுற்றுலாவில் நாம் போகும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் ஊர் ஆட்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து குறித்தவர். மூக்கு அகலமாக ஆக அந்தஸ்து இறங்கும் என்று விதியே எழுதினார் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி ரிஸ்லி. இவர்களோடு மானுடவியலாளர் ஐராவதி கார்வேயையும் சேர்த்துப் படியுங்கள். 1920களின் இறுதியில் பெர்லினில், அவருடைய கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, ஆய்கன் ஃபிஷர் மண்டையோட்டின் அமைப்பில் வெள்ளையர் உயர்ந்தவர் என்பதற்கு ஆதாரம் எதிர்பார்த்தார். 149 மண்டையோடுகளை அளந்த கார்வே, அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

எல்லோரும் கார்வே ஆக முடியாது. சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டிய கைடு எதிரே உட்கார்ந்திருந்தால் மாணவர் என்ன பேசுவார்? மூத்த பேராசிரியர் வந்தால் கௌரவம் என்று அழைத்தோம். அன்று பேசியது அவர் மட்டும். கைடும் அவருடைய மாணவரும் ஒரே கூட்டத்தில் வேண்டாம்.

புகார் வந்தால் விசாரிக்கவும் கிளம்பாதீர்கள், அது கட்டப் பஞ்சாயத்தில் போய் முடியும். நிறுவனத்தின் எஸ்சி, எஸ்டி பிரிவோ வேறு புகார்க் குழுவோ எங்கே இருக்கிறது, யாரிடம் மனு கொடுப்பது என்று தெரிந்து வைத்துக்கொண்டு கூடப் போனால் போதும்.

அப்புறம் நேரம். மாலை ஆறு மணிக்கு, ஆங்கிலத்தில் கூடினோம். குடுவை கழுவும் அக்கா ஒருநாள் கதவருகே நின்று, 'என்ன சார், இங்கயும் மீட்டிங்கா?' என்றார். 'ஏற்றத்தாழ்வு பத்திப் படிக்கிறோம் அக்கா' என்றேன். 'அப்படியா, அதுல எங்களப் பத்தி இருக்கா?' என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்திருந்தால் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார்.