எலும்பு மரபணுச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் இருக்கும் சித்தி வைபரில் ஒரு செய்தியை அனுப்பிவிட்டுக் கேட்டார்: "தம்பி, எலும்புக்கு ஜீன் ஸ்கிரீனிங் எண்டு கிடக்கு. வவுனியாவில செய்யலாமோ?" போன வருசம் கிணற்றடியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டவர். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பலரும் விடுகிற தவறும் அதற்குள்தான் இருக்கிறது.

ஸ்கிரீனிங் என்றால் நமக்கு கிளினிக்கில் சீனி பார்ப்பதுதான் ஞாபகம் வரும். இது வேறு. எலும்பு கட்டும் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கி, எதை அடக்கினால் அவை வேலையை விடுகின்றன, எதை அடக்கினால் கூடுதலாகக் கட்டுகின்றன என்று பார்ப்பார்கள். சோதிக்கப்படுவது கலம், சித்தி அல்ல. அவருக்கு வேண்டியது எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கான். அதில் டி-ஸ்கோர், அதாவது இளவயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிடும் புள்ளி, −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு. மூட்டுத் தேய்வு வேறு வருத்தம், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

"இதுதான் எலும்பு மரபணு" என்ற தலைப்புகளையும் உடனே நம்பிவிடக் கூடாது. 2019இல் வந்த ஓர் ஆய்வு 4 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவிலிருந்து, எலும்பு அடர்த்தியோடு தொடர்புள்ள 518 இடங்களை டிஎன்ஏ இழையில் குறித்தது. இடம் தெரிந்தால் ஆள், அதாவது வேலை செய்யும் மரபணு, தெரிந்ததாகாது. அதே ஆண்டு இன்னொரு குழு பார்த்தபோது, ஸ்டார்டி3என்எல் என்ற மரபணுவின் பெயரில் அறியப்பட்ட இடம், கலத்துக்குள் டிஎன்ஏ இழை மடிவதால் வளைந்துபோய்த் தொட்டது ஈபிடிஆர்1 என்ற வேறொன்றை. அதை அடக்கியதும் எலும்பாக வேண்டிய கலங்கள் கொழுப்பின் பக்கம் சாய்ந்தன.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, அடர்த்தி கூடினால் உறுதியும் கூடும் என்று நினைப்பது. வன்னியில் சில ஊர்க் கிணறுகளில் புளோரைட்டு அதிகம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவது அதனால்தான். இதே புளோரைட்டு எலும்பு கட்டும் கலங்களையும் உசுப்பும். அதை மருந்தாகக் கொடுத்துப் பார்த்து, 1990இல் அமெரிக்காவில் முடிவை வெளியிட்டார்கள். 202 பெண்கள், 4 ஆண்டுகள். முள்ளந்தண்டின் அடர்த்தி 35 வீதம் ஏறியது. முள்ளந்தண்டு முறிவுகளோ சொல்லும்படி குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு கூடியே விட்டது. ஆய்வுகூடத் தட்டில் கலங்கள் எலும்பை நன்றாகக் கட்டின என்ற செய்தியைப் படிக்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, மரபணு வழியே மருந்து வரவே இல்லையா? வந்தது. தென்னாபிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் எலும்பு அளவுக்கு மீறித் தடித்தது. மண்டையோடு நரம்பை நெரித்துக் காதும் கேட்காமல் போனது. பழுதாகி இதற்குக் காரணமான மரபணு 2001இல் தெரிய வந்தது. அது உண்டாக்கும் ஸ்கிளெரொஸ்டின் புரதம் கட்டும் கலங்களுக்குப் பிரேக். அந்தப் பிரேக்கைத் தளர்த்தும் ரோமோசோசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2019இல்: 18 ஆண்டுகள். மாரடைப்பு, பக்கவாத எச்சரிக்கையும் கூடவே வந்தது.

அதனால் புதியது வரும் என்று கையில் இருக்கும் மருந்தை விடக் கூடாது. அதிலும் எலும்பு மெலிவுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் திடீரென்று நிறுத்தினால் முள்ளந்தண்டு அடுத்தடுத்து முறியலாம்.

"ஞாயிற்றுக்கிழமைக் குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ சித்தி?" என்று, கிழமைக்கொரு முறை அவர் போடும் எலும்பு மருந்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஓம், தேத்தண்ணியோட போட்டிட்டுத் திரும்பப் படுப்பன்."

வெறுவயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு, பிறகு அரை மணித்தியாலம் படுக்காமல், சாப்பிடாமல் என்று ஜீன் கதையை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.