காற்றுப் பெட்டியைத் திரும்ப மாட்டிய பிறகு

மூணாறில் ஒழுங்காக ஓடிய என் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக், போடிமெட்டு இறங்கிப் போடிநாயக்கனூர்ச் சாலையில் முழு வேகம் கொடுத்ததும் சூடேறித் திணறியது. பிஸ்டனை மாற்றச் சொன்னார்கள். நான் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் இன்ஜினுக்கு இது ஆபத்து; பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைந்து பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

வண்டியை முன்பு வைத்திருந்தவர் சத்தம் கம்பீரமாக வேண்டுமென்று ஏர் ஃபில்டர் பெட்டியையே கழற்றிவிட்டு, ஒரு சிறு வடிகட்டியை மட்டும் மாட்டியிருந்தார். அந்தப் பெட்டி இரைச்சலை அடக்க மட்டும் வைத்ததல்ல. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் போகும் காற்றையும் அது கட்டுப்படுத்துகிறது. பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டின் அளவே அதை நம்பித்தான் தீர்மானிக்கப்படுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாறில் காற்று மெலிந்திருப்பதால், பெட்ரோல் போதாத குறை வெளியே தெரியவில்லை.

பழைய இரும்புக் கடையில் பெட்டி கிடைத்தது. ரப்பர் குழாயைப் புதிதாகவே வாங்கினேன்; அதில் விரிசல் இருந்தால் எந்த டியூனிங்கும் நிற்காது. முழு வேகத்துக்குப் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டைத் தொடவில்லை. மலையில் பாதி வேகத்தில் புகை கூடியதால் கார்புரேட்டரில் பாதி வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் ஊசியின் கிளிப்பை, ஊசியில் வெட்டியிருக்கும் பள்ளங்களில் ஒன்று மேலே ஏற்றினேன். ஊசி இறங்கி, பெட்ரோல் குறைந்தது. சமவெளிக்கு இறங்கும் நாளில் மறக்காமல் பழைய பள்ளத்துக்கே மாற்றிவிடுகிறேன். பிளக் இப்போது இளம்பழுப்பாக இருக்கிறது.