பர்மா போர்க்காலக் கதையா? தேதி பார்த்துப் போடுங்கள்

போருக்குப் பயந்து குடும்பத்தார் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்த 1942 நடைப்பயணக் கதையை ஃபேஸ்புக்கில் ஒரே நீளப் பதிவாகக் கொட்டாமல், சம்பவம் நடந்த தேதியிலேயே துண்டு துண்டாகப் போடுங்கள்: டிசம்பர் 23, ரங்கூனில் முதல் குண்டுவீச்சு (1941), மார்ச் 8, ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தது (1942). ஒரு படம், நாலு வரி போதும். இணையம் திணறும் ஊரில் வீடியோ பாதியிலேயே நின்றுவிடும். பழைய படத்தின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரையில் ஊர் பெயர் இருக்கலாம்.

தேதி ஒத்துவந்தால் 'எங்க தாத்தாவும் அந்த வாரந்தான் கிளம்பினாராம்' என்று புதுத் தகவல் வந்து விழும். அடுத்த வருடம் அதே நாளில் ஃபேஸ்புக்கே பதிவை உங்களுக்கு எடுத்துக் காட்டும், மறுபடி பகிரலாம்.

'மாசியில, தமு வழியா' (தமு, இந்திய எல்லையை ஒட்டிய பர்மா ஊர்) என்ற அளவுக்கே பாட்டி சொல்லியிருந்தால் இது சரிப்படாது. மாதத்தை மட்டும் எழுதுங்கள். தேதியை ஊகித்துப் போட்டால் அதையே நாலு பேர் நகலெடுத்துவிடுவார்கள்.