பாஸ்டனில் கல்லூரி பார்க்கும் வார இறுதி: குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினோராம் வகுப்பில் படிக்கும் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு கல்லூரிகளைப் பார்ப்பதற்காக பாஸ்டனுக்குச் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் காலையில் கல்லூரி, மாலையில் ஊர்சுற்றல் என்று அந்த வார இறுதியை இரண்டாகப் பிரித்துக்கொள்கின்றன. பிள்ளை நான்கு ஆண்டுகள் வாழப்போவது வளாகத்தில் மட்டுமன்று, அந்நகரத்திலும்தான் என்பதால், பெரும்பாலான தவறுகள் இந்தப் பிரிவினையிலிருந்தே தொடங்குகின்றன.

விமானச் சீட்டை முதலில் எடுத்துவிட்டு, கல்லூரியின் நாட்காட்டியைப் பிறகு பார்ப்பது தவறு. வளாகச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் வார நாட்களிலேயே நடைபெறுகின்றன. சனிக்கிழமைகளில் குறைவு, ஞாயிறன்று அரிது. ஆகவே வெள்ளி அல்லது திங்களையும் சேர்த்துத் திட்டமிட்டு, முன்பதிவை உறுதிசெய்த பின்னரே பயணச் சீட்டு எடுக்க வேண்டும். ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை மாரத்தான் ஓட்டம், மே மாதப் பட்டமளிப்பு விழாக்கள், அக்டோபரில் சார்ல்ஸ் ஆற்றில் நடைபெறும் துடுப்புப் படகுப் போட்டி ஆகியவற்றின்போது ஹோட்டல் அறை கிடைப்பது கடினம். கோடை விடுமுறையில் அறை கிடைத்தாலும், மாணவர்கள் பெரும்பாலோர் ஊருக்குப் போய்விட்ட வளாகத்தைப் பார்த்து ஒரு கல்லூரியின் இயல்பை அறிய முடியாது.

ஒரே நாளில் நான்கு கல்லூரிகளைப் பார்த்துவிடும் ஆசையும் வேண்டாம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் ஆற்றுக்கு அப்பால் கேம்பிரிட்ஜில், நகர ரயிலின் சிவப்புத் தடத்தில் (Red Line) இரண்டே நிறுத்தத் தொலைவில் இருக்கின்றன. அவ்விரண்டையும் ஒரு நாளில் பார்க்கலாம். பாஸ்டன் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் பச்சைத் தடத்தின் பி கிளையில் அமைந்துள்ளன. அந்த ரயில் சாலையோடு ஒட்டி, சிக்னல்களில் நின்று நின்று செல்வதால், வரைபடத்தில் அருகில் தெரிவது கைக்கடிகாரத்தில் அப்படி இருக்காது. ஆயினும் அந்த மெதுவான ரயிலிலேயே செல்லுங்கள் என்பேன், ஏனெனில் நாளை பிள்ளை செல்லப்போவதும் அதில்தான். வாடகைக் கார் எடுத்தால் நிறுத்துமிடம் தேடியே பாதி நாள் கழிந்துவிடும். லோகன் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் வெள்ளித் தடப் பேருந்துக்குக் கட்டணம் இல்லை. நகர ரயில்களிலும் பேருந்துகளிலும் 11 வயது வரையிலான குழந்தைகள் பெரியவர்களுடன் இலவசமாகப் பயணம் செய்யலாம். வார இறுதிகளில் பராமரிப்புப் பணிக்காகச் சில தடங்களில் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விடப்படுவதுண்டு என்பதால், முந்தைய இரவே அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருப்பதை விட்டுவிட்டு, நகரின் மறுமுனைக்கு ஓடுவது மிகுந்த வருத்தத்துக்குரிய தவறு. நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் நுண்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1917 முதல் 1947இல் மறையும் வரை பணியாற்றி, இந்தியக் கலைத் தொகுப்பை வளர்த்த இடம் அது. பாஸ்டனின் பல கல்லூரி மாணவர்கள் தங்கள் அடையாள அட்டையைக் காட்டிக் கட்டணமின்றி உள்ளே செல்லலாம். ஒரு சனிக்கிழமை மாலை தன் பிள்ளை தனியாக இங்கே வந்து செல்வதைப் பெற்றோர் கற்பனை செய்ய முடிந்தால், அந்தக் கல்லூரியைப் பற்றி எந்தக் கையேடும் சொல்லாத ஒன்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். சற்றுத் தள்ளியிருக்கும் கார்ட்னர் அருங்காட்சியகத்தில், 1990இல் களவுபோன ஓவியங்களின் வெற்றுச் சட்டங்கள் இன்னும் தொங்குகின்றன. இவ்விரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை. ஹார்வர்டின் கலை அருங்காட்சியகங்களுக்கு 2023 முதல் அனைவருக்கும் அனுமதி இலவசம். ஆனால் திங்களன்று மூடியிருக்கும்.

உடன் வரும் தம்பி, தங்கையையும் தாத்தா, பாட்டியையும் மறந்து திட்டமிடுவதும் நடக்கிறது. நகரின் வரலாற்று இடங்களை இணைக்கும் நடைவழியான விடுதலைப் பாதை (Freedom Trail) சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் முடிவிலுள்ள பங்கர் ஹில் நினைவுத்தூணில் 294 படிகள், மின்தூக்கி கிடையாது. வளாகத்தை இரண்டு மணி நேரம் சுற்றிய கால்களுக்கு அது கொடுமை. எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, பிரிந்து செல்லலாம். பெரியவர்கள் காப்லி சதுக்கத்தில் 1895இல் திறக்கப்பட்ட பொது நூலகத்தில் அமர்ந்திருக்கலாம். சிறுவர்களை ஹார்வர்டின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்ணாடியால் செய்த மலர்களைப் பார்க்க ஒருவர் அழைத்துச் செல்லலாம். பொதுப் பூங்காவின் குளத்தில் 1877 முதல் ஓடும் அன்னப் படகுகள் வசந்த காலத்திலும் கோடையிலும் மட்டுமே உண்டு.

அந்த நேரத்தில் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் பிள்ளையைத் தனியே விட வேண்டும். வழிகாட்டும் மாணவரிடம் எல்லாக் கேள்விகளையும் பெற்றோரே கேட்டுவிட்டு, வாயிலைத் தாண்டியதும் "பிடிச்சிருக்கா?" என்று பதிலுக்கு நெருக்குவதால் பிள்ளையின் உண்மையான எண்ணம் வெளிவராமலே போகிறது. வளாகத்தை ஒட்டிய ஒரு காப்பிக் கடையில் இரண்டு மணி நேரம் தனியாக இருந்துவிட்டு, ரயிலில் தானே திரும்பி வரட்டும். இரவு உணவு வரை அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். வசந்தத்தில் பார்த்த பாஸ்டன் பிப்ரவரியில் இருக்காது. குளிரை அறியாத ஊரில் வளர்ந்த பிள்ளையென்றால், இரண்டாவது பயணத்துக்கான பணத்தைப் பனிக்காலத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.